நாண் தெரியும்... வில் எவ்வளவு?

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றபடி செல்போனில் ஆட்டோ கூப்பிடுகிறீர்கள். திரையில் மேப் விரிகிறது. அதில் எறும்பு சைஸில் ஒரு மஞ்சள் ஆட்டோ, உங்களை நோக்கி ஊர்ந்து வருகிறது. தெருமுனை வந்தால் அதன் மூக்கும் சமர்த்தாகத் திரும்புகிறது. அப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே கவலை, ‘கேன்சல் பண்ணிடுங்க சார்’ என்று டிரைவர் போன் செய்துவிடக் கூடாதே என்பதுதான்!

அது கிடக்கட்டும். அந்தக் குட்டி ஆட்டோவின் மூக்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று செல்போனுக்கு எப்படித் தெரிகிறது?

டிரைவரின் போன் அனுப்புவது வெறும் எண்களை. சற்று முன் இந்த இடம், இப்போது இந்த இடம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால், ‘200 மீட்டர் கிழக்கே, 500 மீட்டர் வடக்கே நகர்ந்திருக்கிறது’ என்று தெரியும். கையில் இருக்கும் தகவல் அவ்வளவுதான். இதிலிருந்து திசையைக் கண்டுபிடித்தாக வேண்டும். 200-ஐ 500-ஆல் வகுத்தால் 0.4. எந்தக் கோணத்துக்கு டேன் மதிப்பு 0.4? விடை, வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 21.8 டிகிரி. ஆட்டோ அந்தத் திசையில் மூக்கை வைத்துக்கொள்கிறது.

ப்ளஸ் டூ-வில் கணக்கு எடுத்தவர்களுக்கு இந்நேரம் வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆமாம், அதேதான். சைன் இன்வர்ஸ், காஸ் இன்வர்ஸ், டேன் இன்வர்ஸ். பாடப்புத்தகத்தில் இதற்கு ‘நேர்மாறு முக்கோணவியல் சார்புகள்’ என்று பெயர். பெயர்தான் மிரட்டலாக இருக்கிறது, விஷயம் எளிது. கோணத்தைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்வது டேன். விகிதத்தைக் கொடுத்தால் கோணத்தைச் சொல்வது டேன் இன்வர்ஸ். அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஓர் அப்பாவும் மகனும் அயனம்பாக்கத்தில் இருக்கிறார்கள். அப்பா, பக்கத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960-களில் உருவான எஸ்டேட் அது. லேத்தும் மில்லிங் மெஷினும் ராப்பகலாக ஓடிய இடம். அங்கே ஒரு சாய்வை அளக்க ‘சைன் பார்’ என்று ஒரு கருவி உண்டு. இரண்டு முனையிலும் உருளை பொருத்திய இரும்புச் சட்டம். ஒரு முனையின் அடியில் ஸ்லிப் கேஜ் கட்டைகளை அடுக்கிச் சட்டத்தைச் சாய்ப்பார்கள். சட்டத்தின் நீளம் 200 மில்லிமீட்டர், கட்டைகளின் உயரம் 68.4 மில்லிமீட்டர் என்றால் விகிதம் 0.342. “டேபிள் புஸ்தகத்துல பார்த்தா 20 டிகிரின்னு இருக்கும். முடிஞ்சுது வேலை” என்பார் பெரியவர். சைன் இன்வர்ஸ் என்ற வார்த்தையை அவர் உச்சரித்ததே இல்லை. ஆனால், வேலை பார்த்த காலமெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

மகன் அதே எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வெப் புரோகிராமர். ஒருமுறை வண்டிகளைக் காட்டும் மேப் ஒன்றைச் செய்தபோது, திருவேற்காடு பக்கம் போகிற வண்டியெல்லாம் அம்பத்தூரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஓடியதாம்! காரணம் சுவாரஸ்யமானது. அயனம்பாக்கத்திலிருந்து வடகிழக்கே அம்பத்தூர், தென்மேற்கே திருவேற்காடு. வடக்கே 500, கிழக்கே 200 போனாலும் விகிதம் 0.4. தெற்கே 500, மேற்கே 200 போனாலும் மைனஸை மைனஸால் வகுத்து அதே 0.4. விகிதத்தை மட்டும் பார்க்கிற டேன் இன்வர்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். பாவம், அதற்கு என்ன தெரியும்?

இதற்கு மருந்து ‘ஏ-டேன்-2’. வகுத்த விடையை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் இரண்டு எண்களையும் தனித்தனியாக வாங்கி, பிளஸ் மைனஸைப் பார்த்துச் சரியான திசையைச் சொல்கிற ஏற்பாடு. 1960-களின் ஃபோர்ட்ரான் காலத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஜாவா ஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அந்த மொழியிலும் இது பழைய ஆசாமி. வெப் பக்கங்களுக்கு அலங்காரம் செய்கிற சி.எஸ்.எஸ். மொழிக்குள்ளும் வந்து, 2023 வாக்கில் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று உருண்டை பூமியின் மேல் தூரத்தைக் கணக்கிடும்போதும் கடைசியில் ஓர் இன்வர்ஸ்தான் வந்து நிற்கும்.

“சரி தம்பி, 0.4-ஐக் கொடுத்தா 21.8-னு அது எப்படிக் கண்டுபிடிக்குது?” என்று கேட்டேன்.

“அதை லைப்ரரி பாத்துக்கும் சார்” என்றான்.

அப்பா புத்தகத்தைப் பார்த்தார். மகனுக்கு லைப்ரரி ‘பார்த்துக்’கொள்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று இருவருமே எட்டிப் பார்த்ததில்லை. நாம் பார்த்துவிடுவோமா?

செல்போனுக்குள் டேபிள் புத்தகம் எல்லாம் கிடையாது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்தான். 0.4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று முறை பெருக்கி (0.064) 3-ஆல் வகுத்துக் கழியுங்கள். ஐந்து முறை பெருக்கி 5-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். ஏழு முறை பெருக்கி 7-ஆல் வகுத்துக் கழியுங்கள். இப்படியே ஒற்றை எண்களாக, ஒரு கூட்டல் ஒரு கழித்தல். நாலைந்து படி போனாலே 0.3805 வந்துவிடும். இது ரேடியன் கணக்கு. 57.3-ஆல் பெருக்கினால் 21.8 டிகிரி. ஒரு பேப்பரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இது விளக்கத்துக்காக நான் சொல்கிற கதை இல்லை. குரோம் பிரவுசரின் ஜாவா ஸ்கிரிப்ட் எஞ்சின் இதற்காகப் பயன்படுத்துவது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 1993-ல் எழுதிய கணித நிரலின் வழிவந்த ஒன்று. அதில் டேன் இன்வர்ஸ் பகுதியைத் திறந்தால் வரிசையாகப் பதினோரு எண்கள் இருக்கும். முதல் எண் 0.33333333333333. இரண்டாவது 0.19999999999, மைனஸ் குறியோடு. மூன்றாவது 0.1428571427. அடையாளம் தெரிகிறதா? மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று! முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போக முடியாது, பதினோராவது எண்ணோடு நிறுத்தியாக வேண்டும் என்பதற்காகக் எண்களைத் தட்டிச் சரி செய்திருக்கிறார்கள். மற்றபடி அதே 3, 5, 7.

இந்த வரிசை யாருடையது?

வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொன்ன பதில், ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரிகரி. 1671-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். சில வருடங்களில் ஜெர்மனியின் லைப்னிட்ஸும் தனியாக இதற்கு நெருங்கிய வரிசையைக் கண்டார். சரியான தகவல்தான், ஆனால் முழுக்கதை அல்ல. முழுக்கதைக்கு நாம் வில்லையும் நாணையும் எடுக்க வேண்டும்.

ஒரு வட்டத்தில் சிறு பகுதியை மட்டும் பாருங்கள். வளைந்திருப்பது வில் மாதிரி இருக்கும். அதன் இரு முனைகளையும் நேர்க்கோட்டால் இணைத்தால் நாண். நம் பழைய வான நூல்கள் இந்த உருவத்தை வைத்தே கணக்குப் போட்டன. நாணுக்கு ‘ஜ்யா’ என்று பெயர். 499-ல் ஆரியபடர் பாதி நாண்களின் அட்டவணையைக் கொடுத்தார். நாம் சைன் என்பது அதைத்தான். ஜ்யா அரபிக்குப் போய் ‘ஜிபா’ ஆகி, அதை யாரோ ‘ஜெய்ப்’ என்று படித்து, ஜெய்ப் என்றால் சட்டை மடிப்பு என்று லத்தீன்காரர்கள் ‘சைனஸ்’ என்று மொழிபெயர்த்து... சைன் பிறந்தது!

நாண் தெரிந்தால் வில் எவ்வளவு என்பது திருப்பிப் போட்ட கேள்வி. வில்லுக்கு வடமொழியில் ‘சாபம்’. தமிழில் எழுதினால் முனிவர் கொடுக்கிற சாபம் மாதிரியே இருக்கும். ப்ளஸ் டூ மாணவர்கள் அதுவே பொருத்தமான பெயர் என்பார்கள்!

பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்கு இந்தச் சாபம் இல்லாமல் பிழைப்பே இல்லை. சூரியன் வடக்கே போவதும் தெற்கே போவதும் ‘அயனம்’. (அயனம்பாக்கத்துக்குப் பெயர் வந்த கதை என்று நான் சொல்லவில்லை. வார்த்தை அப்படி அமைந்திருக்கிறது.) ஜூன் மாதத்தில் சென்னையில் பகல் பொழுது 12 மணி நேரத்தைவிட முக்கால் மணிக்கு மேல் நீளம். ஓர் ஊரில் பகல் எத்தனை நாழிகை என்று சொல்ல, அந்த ஊரின் அட்சரேகையையும் சூரியன் இருக்கும் அயன நிலையையும் வைத்து ஒரு நாணைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வில்லுக்குப் போக வேண்டும். அதாவது சைன் இன்வர்ஸ்!

இந்தக் கணக்கைத் துல்லியத்தின் உச்சிக்குக் கொண்டுபோனவர் மாதவர். கேரளத்தில் சங்கமகிராமம் என்ற ஊர்க்காரர். திருச்சூர் பக்கத்து இரிஞாலக்குடா என்பது பொதுவான கருத்து. காலம் சுமார் 1340 முதல் 1425. பையின் மதிப்பைப் பதினோரு தசம இடம் வரை சரியாகச் சொன்ன மனிதர். 3, 5, 7 வரிசையை அவருடையதாகவே அவர் வழிவந்த மாணவர்கள் எழுதிவைத்தார்கள். கிரிகரிக்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு முந்தி!

இனிமேல்தான் மெட்ராஸ் கதைக்குள் வருகிறது.

1802-ல் பரங்கிமலையிலிருந்து லாம்டன் இந்தியாவை அளக்கப் புறப்பட்டார் அல்லவா? அந்த சர்வேயில் வேலை பார்த்தவர்களில் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி ஒருவர். கோலார் மண்ணில் தங்கம் இருப்பதைப் பற்றி அதே வருடம் தகவல் எழுதியவர் இவர்தான். பிறகு சில வருடங்கள் மதராஸ் வான் ஆய்வுக்கூடத்தையும் நடத்தினார். 1825-ல் ‘கால சங்கலித’ என்ற தடிமனான புத்தகத்தை மதராஸில் அச்சிட்டார். நம் பஞ்சாங்கங்கள் எப்படிக் கணிக்கப்படுகின்றன என்பதுதான் விஷயம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு காட்சி. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வாய்ப்பாடுகளைச் சொல்லிக்கொண்டே, 1825-ல் வரவிருந்த ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டினார். கையில் புத்தகம் இல்லை, பேனா இல்லை. தொடக்க நேரம் நான்கு நிமிடம்தான் தப்பியது. நடுவும் முடிவும் அதைவிட அதிகம் தப்பின, ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள். வாரன் அசந்துபோனார். கூடவே, அந்த மனிதருக்குக் கணக்குப் போடத் தெரிகிறதே தவிர அதன் காரணம் தெரியவில்லை என்பதையும் குறித்துவைத்தார்.

‘லைப்ரரி பாத்துக்கும் சார்’ ஞாபகம் வருகிறதா?

அதே புத்தகத்தில் ஒரு வழக்கும் பதிவாகியிருக்கிறது. சார்லஸ் விஷ் என்பவர் கம்பெனியின் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. மலபாரில் வேலை பார்த்தவர். (அன்றைக்கு மலபாரும் மதராஸ் ராஜதானியில்தான் இருந்தது.) உள்ளூர் ஜோதிடர்களோடு பழகி ஓலைச்சுவடிகள் சேர்த்தார். அவற்றில் வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடிக்கும் 3, 5, 7 வரிசைகளைப் பார்த்துத் திகைத்து, ‘இது இவர்களே கண்டுபிடித்தது’ என்று மதராஸுக்கு எழுதி அனுப்பினார்.

மதராஸில் இருந்த ஜார்ஜ் ஹைன் இதை நம்பவில்லை. ஐரோப்பியர் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள், இன்னும் நன்றாக விசாரியுங்கள் என்றார். விஷ் விசாரித்தார். பின்வாங்கினார். இந்த விதிகளைப் பயன்படுத்துகிற ஒருவராலும் அவற்றை நிரூபிக்க முடியவில்லை, எனவே இரவல் சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். 1825-ல் அச்சேறியது இந்தத் தீர்ப்புதான்.

வாதத்தைக் கவனியுங்கள். பயன்படுத்துகிறவனுக்கு நிரூபிக்கத் தெரியாது, ஆகவே அது அவன் சமூகத்துச் சொத்து இல்லை. கேட்க நியாயம் மாதிரியே இருக்கிறது. ஆனால் இதே அளவுகோலை இன்றைக்கு எடுத்துக்கொண்டு உலகத்தின் எந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குள்ளாவது நுழைந்து பாருங்கள். ஏ-டேன்-2 என்று டைப் அடிக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையை நிரூபித்துக்காட்டுவார்கள்? கிரிகரியின் ஸ்காட்லாந்திலேயே கேட்டுப் பாருங்களேன்! முடியாது என்றால் அது ஸ்காட்லாந்தில் பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா? விதி தெருவெல்லாம் சுற்றும். நிரூபணம் எங்கோ ஒரு பெட்டிக்குள் இருக்கும். பெட்டியைத் தேடாமல் தீர்ப்பு எழுதியதுதான் தப்பு.

விஷ் நல்ல மனிதர். தேடுவதை நிறுத்தவில்லை. அப்படித் தேடியபோதுதான் அவர் கையில் சிக்கியது ‘யுக்திபாஷா’. சுமார் 1530-ல் ஜ்யேஷ்டதேவர் எழுதியது. ஆச்சரியம் என்னவென்றால் அது சம்ஸ்கிருத சுலோகம் இல்லை, சாதாரண மலையாள உரைநடை. விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் ‘ஏன் அப்படி’ என்று படிப்படியாக விளக்குகிற புத்தகம். ஹைன் கேட்ட நிரூபணம் அதில் இருந்தது.

அந்த யோசனையின் சாரம் இதுதான். ஒரு வட்டம் வரைந்து அதைச் சுற்றி ஒரு சதுரம் போடுங்கள். சதுரத்தின் ஒரு பக்கத்தைச் சம துண்டுகளாக வெட்டுங்கள். வட்டத்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கோடு இழுங்கள். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே வட்டத்தின் ஒரு துணுக்கு மாட்டிக்கொள்ளும். வெளியே துண்டுகள் சமம். ஆனால் உள்ளே வில் துணுக்குகள், சதுரத்தின் மூலையை நோக்கிப் போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும். எவ்வளவு சிறுக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அந்தக் கோட்டின் நீளத்தினுடைய வர்க்கத்தால் வகுக்க வேண்டும். துண்டுகளை இன்னும் பொடியாக, இன்னும் பொடியாக வெட்டி எல்லாவற்றையும் கூட்டினால் 3, 5, 7 தானாக எழுந்து வரும். பின்னாளில் கால்குலஸ் என்று பெயர் வாங்கிய யோசனை இதற்குள் இருக்கிறது.

1832 டிசம்பரில் விஷ்ஷின் கட்டுரை லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்குப் போனது. தந்திரசங்கிரகம், யுக்திபாஷா, கரணபத்ததி, சத்ரத்னமாலா என்று நான்கு நூல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பழைய தீர்ப்பை மாற்றிக்கொண்டார். நிரூபணங்களைப் பிறகு விரிவாகத் தருவதாக எழுதினார்.

அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. 1833-ல் கடப்பையில் இறந்துபோனார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. கட்டுரை அச்சானது. அவர் சேர்த்த சுவடிகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. அப்புறம் நூறு வருடங்களுக்கு மேல் பெரிதாக ஒருவரும் சீண்டவில்லை.

கதவை மறுபடி தட்டியவர்களில் முக்கியமானவர் சி.டி. ராஜகோபால். பிற்பாடு சென்னை ராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1944-ல் முகுந்த மாராருடன் சேர்ந்து இந்தக் கேரள வரிசைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1948-ல் யுக்திபாஷாவின் கணிதப் பகுதி விளக்கங்களோடு திருச்சூரில் அச்சேறியது. சுவடி சுவடியாகத் தேடிப் பதிப்பித்த கே.வி. சர்மா, சென்னை அடையாறில் ஓர் ஆய்வு மையமே வைத்து வேலை பார்த்தார். 2005-ல் அவர் காலமானார். அவருடைய யுக்திபாஷா பதிப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும், கே. ராமசுப்ரமணியன், எம்.டி. ஸ்ரீனிவாஸ், எம்.எஸ். ஸ்ரீராம் ஆகியோரின் விளக்கங்களோடு 2008-ல் வெளிவந்தது. மதராஸில் எழுதிய தீர்ப்பைத் திருத்தியதில் மதராஸ்காரர்களுக்கும் பங்கு உண்டு. என்ன, 180 வருடம் ஆகிவிட்டது!

இப்போது பல புத்தகங்களில் அது ‘மாதவ-கிரிகரி வரிசை’. கிரிகரியின் பெயரை அழிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அவரும் சொந்த மூளையால்தான் கண்டுபிடித்தார். ஆனால் மாதவரின் பெயர் மீண்டதற்குக் காரணம், ‘எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு’ என்று யாரோ மேடையில் முழங்கியது இல்லை. ஜ்யேஷ்டதேவர் என்ற ஒரு மனிதர், தன் ஊர்க்காரர்கள் பேசுகிற மொழியில், ‘ஏன் அப்படி’ என்பதை உட்கார்ந்து எழுதிவைத்தார். அந்த ஒரு புத்தகம் இல்லையென்றால் 1825-ன் தீர்ப்பே நிலைத்திருக்கும். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரின் கதையில் காணாமல்போனது அப்படி ஒரு புத்தகம்தான்.

அயனம்பாக்கத்துப் பையனுக்கு ஒரு காகிதத்தில் வட்டமும் சதுரமும் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதை ஸ்கூல்லயே சொல்லியிருக்கலாமே சார்” என்றான். பக்கத்திலிருந்த அப்பா காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அந்த டேபிள் புஸ்தகத்தை எப்படிப் போட்டிருப்பான்னு நானும் பல நாள் நினைச்சிருக்கேன்” என்றார்.

அடுத்த முறை உங்கள் செல்போனில் குட்டி ஆட்டோ தெருமுனையில் மூக்கைத் திருப்பும்போது, உள்ளே 3, 5, 7 என்று யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள். மாதவர்தான். டிரைவர் கேன்சல் செய்யாத வரைக்கும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்!